கறுப்பு காரைக் கெடுப்பது தூசி அல்ல, துணி

கார் வாங்கப் போகிறேன், எந்த நிறம் எடுக்கலாம் என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். வண்டி தூசி படிந்து நிற்கும்போது துணியைக் கையில் எடுக்காமல் உங்களால் இருக்க முடியுமா? முடியும் என்றால் கறுப்பு எடுங்கள். முடியாது என்றால் சில்வரோ வெளிர் சாம்பலோ நல்லது. பலரும் இதைத் தலைகீழாக நினைக்கிறார்கள். தினமும் துடைக்கிற ஆளுக்குத்தான் கறுப்பு சரிப்படும் என்பார்கள். தினமும் துடைப்பதுதான் கறுப்பைக் கெடுக்கிறது.

முன்பு என்னிடம் சில்வர் கார் இருந்தது, இப்போது இருப்பது கறுப்பு. இரண்டும் ஒரே இடத்தில்தான் நின்றன, ஒரே அளவு தூசிதான் விழுந்தது. மெட்டாலிக் சில்வரில் உள்ள பொடிப்பொடியான அலுமினியத் துகள்கள் ஒளியை நாலாபக்கமும் சிதறடிப்பதால், அந்த மினுக்கலில் தூசி கண்ணுக்குப் படாது. கறுப்பில் காலையில் கழுவினால் மாலைக்குள் மெல்லிய படலம் தெரியும். தெரிந்தால் கை சும்மா இருக்காது.

இன்றைய கார்களில் பெயிண்ட் ஒரே பூச்சு இல்லை. துரு தடுக்க ஒன்று, ப்ரைமர், அதன்மேல் நிறம், கடைசியாக நிறமே இல்லாத கிளியர் கோட். எல்லாம் சேர்ந்தே பொதுவாக 100 முதல் 150 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். அதில் கிளியர் கோட் 40, 50 மைக்ரான் இருக்கும். பளபளப்பு அங்கேதான் இருக்கிறது, வெயிலைத் தாங்குவதும் அதுதான். வெள்ளைக் காரிலும் கறுப்புக் காரிலும் கீறல் விழுவது அந்தப் பூச்சில்தான். கீறலின் விளிம்பு ஒளியைச் சிதறடித்து வெளுப்பாகத் தெரியும். வெள்ளைமேல் அது கலந்துவிடும், கறுப்புமேல் எழுந்து நிற்கும்.

ராத்திரி ஒரு கறுப்பு காரின் பானட் அருகே போன் டார்ச்சைப் பிடித்துப் பாருங்கள். வெளிச்சத்தைச் சுற்றி வட்டவட்டமாக மெல்லிய கோடுகள் தெரியும். சிலந்தி வலை என்று இதைச் சொல்வார்கள். உண்மையில் கோடுகள் வட்டமாக இல்லை, எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. வெளிச்சத்துக்குக் குறுக்கே இருப்பவை மட்டும் மின்னுவதால் வட்டம் போலத் தோன்றுகிறது. பழைய கார் வாங்கப் போகும்போதும் இந்தச் சோதனையைத்தான் முதலில் செய்வேன்.

இந்தக் கோடுகளில் பெரும்பகுதி காய்ந்த துணியின் வேலை. தூசியில் மணல் துகள் இருக்கிறது. அதை உலர்ந்த துணியால் இழுத்தால் தேய்க்காமல் என்ன செய்யும்? பிறகு பாலிஷ் போட்டுக் கோட்டை மறைப்பார்கள். மறைப்பது என்றால் கிளியர் கோட்டில் சில மைக்ரானைச் சீவி எடுப்பது. அடிக்கடி சீவினால் பூச்சு மெலிந்து, கூரையிலும் பானட்டிலும் திட்டுத்திட்டாக வெளுத்து உரியத் தொடங்கும். இதனால்தான் சொல்கிறேன், தூசியோடு ஓட்டுங்கள். கழுவும்போது முதலில் நிறையத் தண்ணீர் அடித்து மண்ணை இறக்கிவிடுங்கள். ஷாம்புவுக்கு ஒரு பக்கெட், துணியை அலச இன்னொன்று, மேலிருந்து கீழே. துணி தரையில் விழுந்தால் அது அன்றைக்கு வேண்டாம். வெயிலில் சூடேறி நிற்கும் தகட்டில் கழுவாதீர்கள். உப்புத் தண்ணீர் காய்ந்து வெள்ளை வளையங்களாக ஒட்டிக்கொள்ளும், கறுப்பில் அது பளிச்சென்று தெரியும்.

பறவை எச்சத்துக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது. ஈரத்துணியை அதன்மேல் போட்டு ஊறவிட்டு அப்படியே எடுத்துவிடுங்கள், தேய்க்க வேண்டாம். அடர் நிறத் தகடு வெயிலில் அதிகம் சூடாகும், கிளியர் கோட் இளகும், காய்ந்து சுருங்கும் எச்சம் அதில் தடம் பதித்துவிடும். சூடு என்றதும் 2011-இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகம் வெளியிட்ட ஆய்வு நினைவுக்கு வருகிறது. கறுப்பு, சில்வர் கார்களை வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்தியதில், சில்வரின் உட்புறக் காற்று சுமார் 5 முதல் 6 டிகிரி செல்சியஸ் வரை குறைவாக இருந்தது.

வெள்ளைக்கும் தொல்லை உண்டு. கதவின் அடிப்பகுதியில் தார்ப்புள்ளிகள், பிரேக்கிலிருந்து பறக்கும் இரும்புத் தூள் துருப்பிடித்து உண்டாக்கும் ஆரஞ்சுப் பொட்டுகள், கண்ணாடி ரப்பரிலிருந்து மழையில் வடியும் கறுப்புக் கோடுகள். சிவப்பு வெளுக்கும் என்ற பயம், கிளியர் கோட் இல்லாத காலத்துக் கார்களிலிருந்து வந்தது. அவற்றுக்கு பாலிஷ் போட்டால் துணியே சிவந்துவிடும்.

இவ்வளவு சொல்லியும் எனக்குப் பிடித்தது கறுப்புதான். நன்றாகப் பராமரித்த கறுப்பில் மேகம் நகர்வது தெரியும், அந்த ஆழம் வேறு நிறத்தில் வராது. ஆனால் அதே பிரதிபலிப்பு சின்ன நெளிவைக்கூடக் காட்டிக் கொடுக்கும்.

டச்சப் விஷயத்தில், அதாவது கீறல் விழுந்த இடத்துக்கு மட்டும் மறுபடி பெயிண்ட் அடிப்பதில், சாதாரண வெள்ளை, கறுப்புக்குக் கவலை குறைவு. மெட்டாலிக்கும் முத்துபோல் மினுங்கும் பேர்ல் வெள்ளையும்தான் பாடுபடுத்தும். துகள்கள் படியும் விதம் மாறினாலே ஷேடு மாறிவிடும். பம்பரில் ஒரு கீறலுக்குப் பக்கத்து ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேலே உள்ள தகடு) வரை அடித்துக் கலக்க வேண்டி வரலாம். சரியான ஷேடைக் கேட்டு வாங்க உதவும் பெயிண்ட் குறியீடு பல கார்களில் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் உள்ள ஸ்டிக்கரில் இருக்கும். வெயிலில் எழுத்து அழிவதற்குள் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.