திரும்பி வந்த கோப்பைகள்

2017 டிசம்பர். சுவிஸில் எங்கெல்பெர்க் என்ற மலையூர். ஹொட்டல் குசினியில் சாப்பாட்டுக் கோப்பை கழுவிக்கொண்டிருந்த என்னை அந்த வருடம்தான் அடுப்படிக்கு ஏற்றியிருந்தார்கள். ஸ்கீ பாய்ச்சல் உலகக் கிண்ணப் போட்டிக்கு வந்த ஒரு அணி எங்களிடம் தங்கியது. ஸ்கீ என்ற நீளப் பலகைகளைக் காலில் கட்டி, உயரமான மேடையில் சறுக்கிவந்து காற்றில் தூரம் பாய்கிற ஆட்டம் அது.

முதல் இரவே என் சாப்பாடு பாதி பாதியாகத் திரும்பி வந்தது. கோப்பையில் மிச்சம் விட்டால் சமைத்தவருக்குக் குறை என்று வளர்ந்தவன் நான். உப்புக் கூடிவிட்டதோ என்று சட்டியில் இருந்ததை இரண்டு தரம் ருசி பார்த்தேன். பெரிய செஃப் சிரித்தார். "உன் சமையலில் பிழையில்லை. பாரம் குறைந்தவன் தூரம் போவான், அவ்வளவுதான்."

இந்த ஊர் மேடையில் 125 மீற்றரைத் தொட்டால் 60 புள்ளி. அதற்குமேல் ஒவ்வொரு மீற்றருக்கும் 1.8. அந்த ஒரு மீற்றருக்காகத்தான் உருளைக்கிழங்கு குப்பைத் தொட்டியில் விழுகிறது. பட்டினி கிடப்பதைத் தடுக்க ஒரு விதியும் உண்டு. உயரத்துக்கேற்ற எடை இல்லாதவருக்கு ஸ்கீயின் நீளத்தைக் குறைத்துவிடுவார்கள். குட்டை ஸ்கீக்குக் காற்றுப் பிடிக்காது. அந்தப் பருவத்தில் 175 சென்ரிமீற்றர் உயரமானவர் முழு நீள ஸ்கீ போட வேண்டுமென்றால் உடையும் பூட்ஸும் சேர்த்து ஏறக்குறைய 64 கிலோ காட்ட வேண்டியிருந்தது. பூட்ஸோடு 64! என் மகன் பதினைந்து வயதிலேயே அதைத் தாண்டிவிட்டான்.

அதன்பிறகு அந்தப் பருவத்தை விடாமல் பார்த்தேன், கைபேசியை மசாலாப் போத்தலில் சாய்த்துவைத்து. நான்கு ஊர்களில் நான்கு போட்டிகளாக நடக்கும் நான்கு மேடைத் தொடரில் ஓபர்ஸ்டோர்ஃபிலும் கார்மிஷிலும் இரண்டாவதாக வந்த ஜெர்மானியர் ஃப்ரைடாக், இன்ஸ்ப்ரூக்கில் இறங்கும்போது விழுந்து தொடரிலிருந்தே விலகினார். கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். ஜனவரி 6, பிஷோஃப்ஸ்ஹோஃபனில் போலந்தின் கமில் ஸ்டோக் நான்காவதையும் வென்றார். அதற்குமுன் ஒரே தொடரில் நான்கையும் வென்றிருந்தவர் ஸ்வென் ஹன்னவால்ட் மட்டும்தான், 2002 இல். அவரே கீழே வந்து ஸ்டோக்கை வாழ்த்தினார். எல்லோரும் வென்றவரைப் பார்த்திருப்பார்கள். நான் ஹன்னவால்டைத்தான் பார்த்தேன். வென்று இரண்டு வருடத்தில் களைத்து முறிந்து சிகிச்சைக்குப் போன மனிதர். 2005 இல் ஸ்கீயையே விட்டுவிட்டார். அந்த நாட்களில் அவருடைய கோப்பையை யார் கழுவினார்களோ.

அடுத்த டிசம்பரில் நானே அளவைக் குறைத்துப் பரிமாறினேன். அதிலும் பாதி திரும்பி வந்தது.