டேபிள் பண்ணலாம்னு சொன்னாரு

என் டீம்ல இருக்கற அந்தப் பொண்ணு அன்னிக்கு கிளையன்டைப் பத்தி சொன்னது ஒரே ஒரு வரிதான். "அண்ணா, அவர் இப்ப வேணாம்னு சொன்ன மாதிரில்ல இருந்துச்சு?" அதுக்கு நான் சொன்ன பதில்தான் இன்னும் உறுத்துது. "பத்து வருஷமா கிளையன்ட் கால் எடுக்கறேன்மா, எனக்குத் தெரியாதா?" டீம் மொத்தமும் அங்கதான் உக்காந்திருந்துச்சு.

கிளையன்ட் சொன்னது, டேட்டாபேஸ் மைக்ரேஷனை, அதாவது டேட்டாவை வேற இடத்துக்கு மாத்தற வேலையை, டேபிள் பண்ணிடலாம்னு. நான் அதுக்கு முன்னாடி நாலு வருஷம் லண்டன் ப்ராஜெக்ட்ல இருந்தவன், அங்க டேபிள் பண்றதுன்னா பேச்சுக்கு எடுக்கறது. நம்மூர் இங்கிலீஷ் பேப்பர்லயும் பார்லிமென்ட்ல மசோதாவை டேபிள் பண்ணாங்கன்னு போட்டா தாக்கல் பண்ணாங்கன்னுதானே அர்த்தம்? இவரு டெக்சாஸ்காரர். அமெரிக்காவுல அதே வார்த்தைக்கு கிடப்புல போடறதுன்னு அர்த்தமாம், அப்படியே தலைகீழ். சனி ஞாயிறு மூணு பேரை வரவச்சு சொதப்பினா பழையபடி திரும்பறதுக்கான ரோல்பேக் ப்ளான் வரைக்கும் எழுதி முடிச்சோம். அவளும் வந்தா. அந்த ஞாயித்துக்கிழமை அவ அக்கா பையனுக்கு காதுகுத்துன்னு அப்புறம் வேற யாரோ சொல்லித்தான் தெரிஞ்சுது.

திங்கக்கிழமை ராத்திரி ஸ்க்ரீன் ஷேர் பண்ணி முதல் ஸ்லைடு போட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்ல, அப்புறம் "இதைத்தான் டேபிள் பண்ணியாச்சே"ன்னாரு. மியூட் போட்டுட்டு திரும்பினேன். அவ சிரிக்கக்கூட இல்ல, தண்ணி பாட்டில் மூடியைத் திருகிட்டு இருந்தா.

பிறகு தேடிப் படிச்சப்போ ஒரு ஆறுதல் கெடச்சுது. ரெண்டாம் உலகப்போர் சமயத்துல பிரிட்டிஷ் தளபதிகள் ஒரு அவசர விஷயத்தை டேபிள் பண்ணணும்னு கேக்க, அமெரிக்கத் தளபதிகள் அதெல்லாம் கூடாதுன்னு நிக்க, ரெண்டு பேருக்கும் வேண்டியது ஒண்ணேதான்னு தெரியறதுக்குள்ள நல்லா முட்டிக்கிட்டாங்கன்னு சர்ச்சிலே எழுதி வச்சிருக்காரு. அவங்களே தடுமாறின வார்த்தை, நான் எம்மாத்திரம்னு சொல்லிக்கிட்டேன், இப்பவும் சொல்லிக்கறேன். என்ன, அவங்க பக்கத்துல யாரும் "அண்ணா"ன்னு இழுக்கல.

உனக்கு எப்படிம்மா தெரிஞ்சுதுன்னு அவகிட்ட கேட்டேன். "வார்த்தை எனக்கும் தெரியாதுண்ணா. சொல்லிட்டு நோட்டுல அடுத்த பக்கம் திருப்பிட்டாரு, அதான்." நானும் அதே வீடியோவைத்தான் பாத்துட்டு இருந்தேன்.

சாரி கேட்டேனான்னா, கேட்டேன், ஆனா தனியா, கேன்டீன்ல. டீம் முன்னாடி கேக்கல. லீடு ஒருத்தன் ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்னு அர்த்தம் கேட்டுட்டு இருந்தா கிளையன்ட் கால் நகராதுல்ல, அதுல நான் இப்பவும் தெளிவாத்தான் இருக்கேன். போன வாரம் இன்னொரு கிளையன்ட் எதையோ பார்க் பண்ணலாம்னாரு. என்னையறியாம அவ பக்கம் பாத்தேன். சாட்ல ஒரு மெசேஜ் வந்துச்சு.

"உங்களுக்கு எப்படிப் புரிஞ்சுதோ அப்படியே பண்ணிடலாம்ணா."