சாம்பிள் மேசையில் ஹிப்பி ஆடைகள்

கோடை சீசனுக்கான மூட் போர்டு (ஆடைகள் எந்த மாதிரி இருக்கவேண்டும் என்று காட்டும் படத்தொகுப்பு) வெளிநாட்டு பையரிடமிருந்து வந்துவிட்டால், அதில் என்னென்ன படங்கள் இருக்கும் என்று திறக்காமலே சொல்லிவிடலாம். 1969 ஆகஸ்டில் அமெரிக்காவின் வுட்ஸ்டாக் இசைவிழாச் சேற்றில் நிற்கும் இளைஞர்கள். அதே வருடம் மராகேஷின் மொட்டைமாடி ஒன்றில் பேட்ரிக் லிச்ஃபீல்ட் எடுத்த, ஹிப்பி பாணிக்குப் பேர்போன தலிதா கெட்டியின் புகைப்படம். இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசைவிழாவில் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு நடக்கும் மாடல் கேட் மாஸ். கடைசியாக, கலிஃபோர்னியாவின் கோச்செல்லா இசைவிழாவின் பனைமரங்கள். சென்னையில் ஓர் ஆடை ஏற்றுமதி நிறுவனத்தின் சாம்பிள் பிரிவில், பையருக்கும் பட்டறைக்கும் நடுவில் நின்று வேலை வாங்கும் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். இந்த முகங்கள் எனக்கு மனப்பாடம். (வுட்ஸ்டாக் படங்களில் காவி உடையோடு மேடையில் அமர்ந்திருக்கும் சுவாமி சச்சிதானந்தர் கோவைக்குப் பக்கத்தில் செட்டிப்பாளையத்தில் பிறந்தவர். புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லாமல் விடுவதில்லை.)

மலிவு விலைச் சங்கிலிக் கடையும் இதே படங்களைத்தான் அனுப்புகிறது, பாரிஸின் உயர் ஃபேஷன் நிறுவனமும் இவற்றைத்தான் அனுப்புகிறது. கேட்கும் சாமான்களும் ஒன்றே: கஃப்தான், குஞ்சம், மாங்காய் டிசைன், கசங்கிய காட்டன், அடுக்கடுக்கான ஃப்ரில். அசல் ஹிப்பி ஆடையை எந்த டிசைனரும் உருவாக்கவில்லை. பழைய துணிச் சந்தையில் கிடைத்த கோட்டு, பாட்டியின் லேஸ், ஆப்கானிய ஆட்டுத்தோல் மேலங்கி, இந்தியாவிலிருந்து போன மெல்லிய சட்டை என்று அவரவர் கையில் கிடைத்ததைப் போட்டுக்கொண்டார்கள். அந்த மெல்லிய துணியில் நம் பக்கத்துத் தறிகளுக்கும் பங்கு உண்டு. 1970களின் நடுவில் கண்ணூர்க் கைத்தறிகள் சுருக்கம் விழுந்த கிரேப் துணியை ஏற்றுமதிக்காக ஓயாமல் நெய்தன. அந்த மோகம் அடங்கியபோது பல தறிகளும் நின்றன.

யாருக்கும் சொந்தமில்லாத இந்த உடையில் ஒரு டிசைனர் தன் பெயரை எங்கே வைக்கிறார்? சாம்பிள் மேசையில் நின்று பார்த்தவரை என் பதில் ஒன்றுதான். அலங்காரத்தில் இல்லை, வெட்டில் இருக்கிறது.

ஆரம்பத்தில் வந்தவர்களைப் பார்த்தாலே இது விளங்கும். தியா போர்ட்டர் ஜெருசலேமில் பிறந்து டமாஸ்கஸில் வளர்ந்தவர். 1966இல் லண்டன் சோஹோவில் கடை திறந்து மத்தியக் கிழக்கின் பழைய துணிகளையும் உடைகளையும் விற்றார். பிறகு அந்த உடைகளின் உருவத்தை எடுத்துக்கொண்டு தானே புதிதாக வடிவமைக்கத் தொடங்கினார். ஸாண்ட்ரா ரோட்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். துணியில் அச்சிட்ட உருவத்தின் ஓரத்தை ஒட்டியே ஆடையை வெட்டினார். எங்கே கத்தரி போகவேண்டும் என்பதைப் பிரிண்டே தீர்மானித்தது. ஓஸ்ஸி கிளார்க்கின் கவுன்களில் பிரிண்ட் டிசைனர் சீலியா பர்ட்வெல்லின் பூக்கள் கண்ணைக் கவரும், ஆனால் உடம்பில் அது உட்காரும் விதம் கிளார்க்கின் கத்தரியால் வந்தது. இவர்களில் யாரும் குஞ்சத்தைத் தைத்துவிட்டு அதுவே தன் அடையாளம் என்று நினைக்கவில்லை.

எங்கள் மேசையில் இந்த வித்தியாசம் கண்கூடாகத் தெரிந்த ஒரு சீசன் நினைவிருக்கிறது. ஒரே வாரத்தில் இரண்டு நீள கவுன்கள். ஒன்று சங்கிலிக் கடைக்கு, மற்றது ஐரோப்பிய நிறுவனம் ஒன்றுக்கு. இரண்டிலும் மூன்று அடுக்கு ஃப்ரில், இரண்டும் ஜார்ஜெட். சங்கிலிக் கடையின் டெக் பேக்கில் (அளவும் தையல் விவரமும் அடங்கிய குறிப்பு) ஃப்ரில் என்றால் நேர்ப்பட்டையாக வெட்டிச் சுருக்கித் தைப்பது. துணியும் நேரமும் மிச்சம். இன்னொன்றில் ஃப்ரில்லை வட்டமாக வெட்டச் சொல்லியிருந்தார்கள். வட்டத்தின் உள்விளிம்பை நேராக்கித் தையலில் பொருத்தும்போது வெளிவிளிம்பு தானாக அலை அலையாக விழும். தையல் இடத்தில் ஒரு சுருக்கும் இருக்காது, இடுப்பு தடிக்காது. ஆனால் மார்க்கரில் (துணியில் வெட்டுத் துண்டுகளை அடுக்கிப்போடும் வரைபடம்) வட்டங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் துணி ஏகத்துக்கும் வீணாகும்.

பேட்டர்ன் மாஸ்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பட்டையா வெட்டினா என்னம்மா? தூரத்துல இருந்து பாத்தா ரெண்டும் ஒண்ணுதானே?"

"நடக்கும்போது ஒண்ணா இருக்காது மாஸ்டர். ஒண்ணு தச்சு மாட்டிப் பாருங்க."

வட்ட ஃப்ரில்லில் ஒரே துணிக்குள் இழை சில இடத்தில் நேராகவும் சில இடத்தில் மூலைவாட்டாகவும் ஓடும். மூலைவாட்டாக ஓடும் இடம் தன் கனத்தாலேயே இறங்கும். அதனால் தைத்த கவுனை ஒரு முழு நாள் தொங்கவிட்டு, இறங்கவேண்டியது இறங்கிய பிறகுதான் ஓரத்தைச் சமன்செய்து மடித்தடிக்க வேண்டும். தொங்கவிட்டு, இறக்கி, கையால் ஓரம் சுருட்டித் தைத்த பிறகு மாஸ்டர் அதை டம்மியில் மாட்டி மேசை விசிறியைத் திருப்பினார். கவுன் அசைந்த விதத்தைப் பார்த்துவிட்டு, "இது வரைஞ்சவங்களுக்குத் தைக்கத் தெரியும்" என்றார். ஒரு டிசைனரைப் பற்றி மாஸ்டர் வாயிலிருந்து வரக்கூடிய பெரிய பாராட்டு அது.

பாரிஸின் குளோயே ஃபேஷன் நிறுவனத்தை இதற்காகவே நான் தொடர்ந்து கவனிக்கிறேன். 1952இல் கேபி அகியோன் தொடங்கியது. கார்ல் லாகர்ஃபெல்ட், ஸ்டெல்லா மெக்கார்ட்னி, ஃபீபி ஃபைலோ என்று பலர் மாறினாலும் காற்றில் மிதக்கும் அந்தச் சுபாவம் நிறுவனத்துக்குச் சொந்தமாகவே இருந்துவருகிறது. 2024 பிப்ரவரியில் அங்கே புதிய டிசைனராக வந்த செமினா கமாலி தன் முதல் தொகுப்பைக் காட்டியபோது, லாகர்ஃபெல்ட் காலத்து 1970களின் ஃப்ரில்லும் லேஸும் திரும்பி வந்தன. போஹோ (ஹிப்பி சாயல் கொண்ட பாணி) மறுபடி வந்துவிட்டது என்று எல்லோரும் எழுதினார்கள். என்னை அதைவிட அதிகம் யோசிக்க வைப்பவர் ஃபைலோ. குளோயேயில் அத்தனை இலகுவான உடைகளைத் தந்தவர், அடுத்து செலீன் என்ற இன்னொரு பாரிஸ் நிறுவனத்துக்குப் போய் எல்லா அலங்காரத்தையும் கழற்றி வைத்தார். ஆனால் பாக்கெட் எங்கே, தோள் எவ்வளவு, பெண் ஒருத்தி கையை எப்படி வீசி நடப்பாள் என்ற கவனம் இரண்டு இடத்திலும் மாறவில்லை. அலங்காரம் நிறுவனத்துடையது, அந்தக் கவனம் அவருடையது. அப்படித்தான் நான் அவர் வேலையைப் புரிந்துகொள்கிறேன்.

வெட்டுக்கு அடுத்து எம்பிராய்டரி. இங்கேதான் எனக்கு மனக்குறை அதிகம். ஹிப்பி ஆடையின் அழகே கைவேலையின் ஒழுங்கின்மை. ஒருமுறை ஸ்வாட்சுக்கு (ஒப்புதலுக்காக அனுப்பும் சிறு மாதிரித் துண்டு) வந்த குறிப்பில், தையல்கள் 'பழகாத கை' போட்டதுபோல இருக்கவேண்டும் என்று இருந்தது. ஆரி வேலை செய்யும் பாயிடம் சொன்னேன். சிறு வயதிலிருந்து சட்டத்தின் முன் உட்கார்ந்து பழகிய மனிதர்.

"கையைக் கெடுத்துக்கச் சொல்றீங்களா மேடம்?" என்றார். குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான்.

வழியையும் அவரே கண்டுபிடித்தார். வழக்கம்போல் டிசைனை முழுக்க ட்ரேஸ் பண்ணாமல், பூ வரும் இடத்தில் புள்ளி மட்டும் வைத்துக்கொண்டு மனதிலிருந்து போட்டார். இதழ்கள் ஒன்றுபோல் ஒன்று இல்லை, ஆனால் எல்லாம் உயிரோடு இருந்தன. ஸ்வாட்ச் உடனே அப்ரூவ் ஆனது. சிக்கல் பல்க்கில், அதாவது மொத்த உற்பத்தியில்தான் வந்தது. அப்ரூவ் ஆன சாம்பிளோடு ஒவ்வொரு பீஸும் பொருந்தவேண்டும் என்பது தரப் பரிசோதனையின் விதி. ஒழுங்கில்லாத பூவை நூற்றுக்கணக்கில் ஒரே மாதிரி ஒழுங்கில்லாமல் போடுவது எப்படி? ஒரு பீஸைத் தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே ஆளிடம் கொடுத்தோம். ஒருவர் கையெழுத்து ஒரு பக்கத்துக்குள் மாறாது அல்லவா? பரிசோதகரை உட்காரவைத்து இதை விளக்க வெகுநேரம் ஆனது.

அந்தப் பூக்கள் விற்பனைக்குப் போனபோது நெக் லேபிளில் நிறுவனத்தின் பெயர் மட்டுமே. டிசைனரின் அடையாளம் உண்மையானது, உழைத்துச் சம்பாதித்தது என்று முழுமனதாக நம்புகிறவள் நான். அதனாலேயே மற்றவர் அடையாளம் மறையும்போது பொறுக்க முடிவதில்லை. 2015இல் பிரெஞ்சு டிசைனர் இசபெல் மராண்ட்டின் ஒரு பிளவுஸைப் பார்த்து மெக்சிகோவின் ஒஹாகா மாநிலத்து மிஹே மக்கள், இது எங்கள் ஊர்ச் சட்டை என்றார்கள். அது சாந்தா மரியா த்லாவித்தோல்தெபெக் ஊரிலிருந்து வந்த வடிவம்தான் என்று அவர் தரப்பே ஏற்றுக்கொண்டது. 2020இல் மெக்சிகோவின் புரெபெச்சா மக்களின் டிசைனுக்காக அவர் மன்னிப்பும் கேட்டார். வேறு வழியும் இருக்கிறது. 2023 மார்ச்சில் பாரிஸின் டியோர் நிறுவனம் மும்பையின் கேட்வே ஆஃப் இந்தியா முன் தொகுப்பைக் காட்டியபோது, எம்பிராய்டரி செய்த சாணக்யா பட்டறையின் பெயரை உலகம் முழுக்கச் சொன்னது. ஆனால் அது பட்டறையின் பெயர். ஊசி பிடித்தவரின் பெயர் வெளியே வர இன்னும் தூரம் இருக்கிறது.

எங்கள் பிரிவில் ஸ்வாட்ச் அட்டையின் பின்பக்கம் துணி, நூல் எண், ஆன நேரம் ஆகியவற்றோடு போட்டவர் பெயரையும் எழுதுகிறோம். ரிப்பீட் ஆர்டர் வந்தால் முதலில் அவரைத்தான் கூப்பிடுவோம். பையருக்கு அனுப்பும் அட்டையிலும் அந்த வரியை அடிக்காமல் அனுப்புகிறேன். சிலர் அதை நீக்கச் சொல்வார்கள். ஒரு டிசைனர் மட்டும் கருத்துகளை எழுதி அனுப்பும்போது, இரண்டாவது பூவை அவரே போடட்டும் என்று பாயின் பெயரைச் சொல்லி எழுதியிருந்தார். அந்த மெயிலை அச்சடித்துப் பட்டறைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம்.