ரீலோட் இல்லாத ஒரு மாதம்

ஜனவரி 4, ஞாயிறு

பழைய சேவ் ஃபைல்களை அழிக்க உட்கார்ந்தேன். பால்டர்ஸ் கேட் 3 என்ற ஆர்பிஜிக்கு, அதாவது ஒரு பாத்திரமாக மாறிக் கதைக்குள் ஆடும் கணினி கேமுக்கு, மட்டும் 214 சேவ் கிடந்தன. பாதிக்கு மேல் ஒரு முக்கியமான பேச்சுக்கு முன்போ, ஒரு பூட்டுக்கு முன்போ போட்டவை. பகடை சரியாக விழவில்லை என்றால் பழைய சேவுக்குத் திரும்பும் எஃப்8 விசையைத் தட்டுவேன், மறுபடி உருட்டுவேன். நூறு மணி நேரத்துக்கு மேல் ஆடியிருக்கிறேன். ஆனால் அந்த இடங்களில் தோற்றால் கதை எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியவே தெரியாது. அதற்கும் யாரோ உட்கார்ந்து வசனம் எழுதியிருக்கிறார்கள், நடிகர்கள் குரல் கொடுத்திருக்கிறார்கள். அதில் பெரும்பகுதியை நான் கேட்டதே இல்லை.

இது மனசை உறுத்திவிட்டது. அதனால் இந்த மாதம் முழுக்க எந்த கேமாக இருந்தாலும் ஒரே ஒரு சேவ்தான். பின்னால் போவது கிடையாது.

தம்பியிடம் சொன்னேன். "ஸ்ட்ரேட்டஜி கேம்ல சரிக்கா, தோத்தாதான் கத்துக்க முடியும். ஆர்பிஜில எதுக்கு? கதையைக் கெடுத்துக்கவா?" என்றான். நல்ல கேள்வி. எனக்கு இப்போதைக்குப் பதில் இல்லை.

ஜனவரி 6, செவ்வாய்

எக்ஸ்காம் 2, வேற்றுகிரகவாசிகளோடு மாறி மாறி, டர்ன் டர்னாகச் சண்டை போடும் ஸ்ட்ரேட்டஜி கேம். அயர்ன்மேன், அதாவது பின்னால் போக முடியாத ஒற்றை சேவ் முறை. மூன்றாவது மிஷனிலேயே ஒருத்தியை இழந்தேன்.

நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன். நான்கு பேர் போனோம். எதிரிகள் மூன்று பேர், அதில் இரண்டு பேரைச் சுட்டு வீழ்த்தியாயிற்று. கடைசி ஆள் ஒரு கார் மறைவில் இருந்தான். என் ஆட்களில் மூவர் அந்த டர்னில் சுட்டு முடித்துவிட்டார்கள், மிச்சம் இருந்தது ரேஞ்சர் மட்டும். வாளோடு ஓடி வெட்டினாள், அவன் விழுந்தான். அவள் போய் நின்ற இடத்திலிருந்து தெருவின் மறுபக்கம் தெரிந்தது. அங்கே இன்னொரு கூட்டம். அவளைப் பார்த்ததும் சிதறி ஓடி மறைவு தேடிக்கொண்டார்கள். என் பக்கம் அசைய யாரும் இல்லை. அடுத்த அரை நிமிடத்தில் எல்லாம் முடிந்தது.

டர்னின் கடைசி அசைவில் புதிய தரையைத் திறக்கக் கூடாது. எக்ஸ்காம் ஆடும் எல்லோருக்கும் தெரிந்த பாடம் இது, எனக்கும் தெரியும். ஆனால் இதுவரை அதை மீறிய ஒவ்வொரு தடவையும் லோட் பண்ணி அழித்திருக்கிறேன். அதனால்தான் அது கையில் ஏறவே இல்லை.

ஜனவரி 9, வெள்ளி

இன்று சதவீதத்தோடு சண்டை. குண்டு படும் வாய்ப்பு 85 என்று காட்டியது, தவறிவிட்டது. "ஏமாத்துதுடா" என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன். பிறகு பேனா எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆறு பேர், ஆறு பேருக்கும் 85 சதவீதம். எல்லோர் குண்டும் படுவதற்கு வாய்ப்பு ஏறக்குறைய 38 சதவீதம்தான். அதாவது முழு அணியும் நல்ல நிலையில் நின்று சுட்டாலும், பத்து டர்னில் ஆறு டர்ன் யாராவது ஒருவர் தவற விடுவார். 85-ஐப் பார்த்ததும் மனசு அதை 'கண்டிப்பாகப் படும்' என்று எடுத்துக்கொள்கிறது. கேம் அப்படிச் சொல்லவே இல்லை.

சொல்லப்போனால் ஏமாற்று வேறு பக்கம் நடக்கிறது. எக்ஸ்காம் 2-இன் எளிய நிலைகளில், திரையில் தெரிவதைவிட நமக்கு உண்மையில் வாய்ப்பு கூடுதல். தொடர்ந்து தவறவிட்டால் உள்ளுக்குள் இன்னும் கொஞ்சம் ஏற்றிவிடும். இதை வடிவமைத்த ஜேக் சாலமனே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். ஃபயர் எம்ப்ளம் வரிசையில் 2002-இல் வந்த ஆறாவது கேமிலிருந்து இன்னொரு வழி: ஒரு எண்ணுக்குப் பதில் இரண்டு எண்களை எடுத்து, சராசரியைப் பார்ப்பார்கள். 90 என்று காட்டினால் உண்மையில் 98 சதவீதம். ஆடுகிறவர்கள் அதைத்தான் "நியாயமான கேம்" என்று உணர்கிறார்கள். உண்மையான 90-ஐக் கொடுத்தால் நமக்குத் தாங்கவில்லை.

இன்னொன்றும் எழுத வேண்டும். எக்ஸ்காமைப் புதிதாகத் தொடங்கி 2012-இல் வந்த கேமில் நாம் பூமியைக் காப்பாற்ற வேண்டும். 2016-இல் வந்த இரண்டாம் பாகம் எங்கே தொடங்குகிறது? நாம் தோற்றுப்போனோம், பூமி சரணடைந்து 20 வருடம் ஆகிவிட்டது, அங்கிருந்து. முந்தைய கேமில் நான் சேர்த்த வெற்றி எதையும் அது கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. தோல்வியைத்தான் உண்மை வரலாறாக வைத்திருக்கிறது. இதை முன்பு ஒரு கதைத் தொடக்கமாக மட்டும் பார்த்தேன். ரேஞ்சர் போன பிறகு வேறு மாதிரி தெரிகிறது.

ஜனவரி 11, ஞாயிறு

எக்ஸ்காமில் முகாம் மீது தாக்குதல். ஒரு பொதுஜனத்தைக் காப்பாற்ற ஓடினேன், பக்கத்தில் போனதும் அவன் உருமாறி எழுந்தான், மனித வேடத்தில் ஒளிந்திருக்கும் ஃபேஸ்லெஸ் என்ற எதிரி. இரண்டு பேர் போய்விட்டார்கள். நினைவுச் சுவரில் இப்போது மூன்று படங்கள். வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை.

ஜனவரி 14, புதன்

சிவிலைசேஷன் 6, ஒரு நாட்டை ஆதிகாலத்திலிருந்து வளர்க்கும் கேம். இதில் நான் சேவ் பண்ணி ஏமாற்றியதைவிட ரீஸ்டார்ட் பண்ணி ஏமாற்றியதுதான் அதிகம். ஆறும் குன்றும் பக்கத்தில் இல்லாவிட்டால் முதல் டர்னிலேயே மேப்பைத் தூக்கிப் போட்டுவிடுவேன். இன்று கிடைத்ததை வைத்துக்கொண்டேன்: பனி ஓரத்துத் துந்திரா, ஆறு எங்கேயும் கண்ணில் படவில்லை. நன்னீர் இருந்தால் ஒரு நகரம் 5 வீட்டுவசதியோடு தொடங்கும். நன்னீரும் கடலும் இல்லாவிட்டால் வெறும் 2. எனக்குக் கிடைத்தது இந்த இரண்டாவது வகை இடம்.

ஒவ்வொரு யுகம் முடியும்போதும் சேர்த்த புள்ளியைக் கணக்கெடுப்பார்கள், குறைந்தால் இருண்ட காலம். எதிர்பார்த்தபடி முதல் கணக்கெடுப்பிலேயே அது வந்தது. மக்களின் விசுவாசம் சரிந்து, என் மூன்றாவது நகரம் பிரிந்து தனியாகப் போய்விட்டது. ஒரு குண்டு வெடிக்கவில்லை, யாரும் படையெடுக்கவில்லை. என் மேப்பில் இருந்த நிறம் மாறியது, அவ்வளவுதான்.

இருண்ட காலத்தில் மட்டும் கிடைக்கும் கொள்கை அட்டைகள் உண்டு. ஒரு பக்கம் வெட்டி இன்னொரு பக்கம் கூட்டுபவை. இத்தனை வருடத்தில் அவற்றை நான் படித்துக்கூடப் பார்த்ததில்லை. இன்று ஒவ்வொன்றாகப் படித்தேன். இருண்ட காலத்திலிருந்து நேராகப் பொற்காலத்துக்குத் தேவையான புள்ளியை எட்டிவிட்டால், அது வீர காலம் ஆகிவிடும். வழக்கமான பொற்காலத்தில் தேர்ந்தெடுக்க ஒரு சிறப்புத்தான், வீர காலத்தில் மூன்று. விழுந்தவனுக்கு மட்டும் திறக்கும் கதவு. 2018-இல் ரைஸ் அண்ட் ஃபால் விரிவாக்கத்தில் சேர்த்தது. எட்டு வருடமாக அந்தக் கதவு இருந்திருக்கிறது, நான் அந்தப் பக்கமே போகவில்லை.

இரவு பன்னிரண்டரைக்கு வீர காலம் வந்தது. தனியாக உட்கார்ந்து கை தட்டினேன்.

ஜனவரி 17, சனி

அந்த ஆட்டத்தை முடிக்கவில்லை. வீர காலம் வந்தும் அறிவியலில் இரண்டு நாடுகள் வெகுதூரம் முன்னால். தோற்கப்போவது 200-ஆவது டர்னிலேயே தெரிந்துவிட்டது, மொத்த ஆட்டம் 500 டர்ன். இது இந்த ஒரு கேமின் குறை என்று சொல்ல மாட்டேன். பெரிய மேப்பில் ஆடும் ஸ்ட்ரேட்டஜி கேம் எல்லாவற்றுக்கும் உள்ள சிக்கல்தான். முன்னால் போனவன் இன்னும் வேகமாக முன்னால் போவான். எக்ஸ்காமில் தோல்வி ஒரு குண்டில் வருகிறது. இங்கே தோல்வி வந்த பிறகும் டர்ன் முடிக்கும் பட்டனைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஜனவரி 20, செவ்வாய்

டிஸ்கோ எலிசியம், 2019-இல் வந்தது. சண்டை என்று தனியாக எதுவும் இல்லாத ஆர்பிஜி. எல்லாம் பேச்சும் பகடையும்தான். உடல்வலுவைக் குறைவாக வைத்துத் தொடங்கினால், முதல் அறையில் விளக்கைப் போட்டதற்கே கதாநாயகன் செத்துப்போகலாம்.

விடுதிக்காரருக்குப் பணம் கட்ட வேண்டும், கையில் இல்லை. நைசாக நழுவி ஓடிவிடலாம் என்று பகடை உருட்டினேன். தவறியது. அந்த மனுஷன் ஓடி, எகிறிக் குதித்து, அந்தரத்திலேயே திரும்பி விடுதிக்காரருக்கு நடுவிரலைக் காட்டி, எதிரே சக்கர நாற்காலியில் இருந்த அம்மா மேல் போய் மோதுகிறார். வெற்றி பெற்றிருந்தால் சத்தமில்லாமல் வெளியே போயிருப்பார், இவர் எப்படிப்பட்ட ஆள் என்று எனக்குத் தெரிந்திருக்காது. வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்து அறையிலிருந்து தம்பி எழுந்து வந்து பார்த்தான். அவனுக்காக அந்த இடத்தின் வசனத்தை இரண்டு தடவை படித்துக் காட்டினேன்.

பகடையையும் கவனித்தேன். இதில் இரண்டு ஆறுமுகப் பகடைகள். 7 அடிக்கடி விழும், 12 அபூர்வம், 36-க்கு ஒன்று. இரட்டை ஆறு விழுந்தால் எதுவாக இருந்தாலும் வெற்றி. அதனால் திரையில் எவ்வளவு மோசமாக இருந்தாலும் 3 சதவீதம் என்று காட்டும், பூஜ்யம் என்று ஒருபோதும் காட்டாது. வெள்ளை நிறத்தில் குறித்த சோதனையில் தவறினால் அந்தத் திறனை ஏற்றிக்கொண்டு திரும்பி வரலாம். சிவப்பு ஒரே ஒரு தடவை. எதைத் திரும்ப முயலலாம், எது போனால் போனதுதான் என்பதை எழுத்தாளர்களே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறார்கள். என் விதி இங்கே தேவையே படவில்லை.

தம்பியின் கேள்விக்குப் பாதிப் பதில் இங்கே கிடைத்தது என்று நினைக்கிறேன். தோல்விக்கும் மனசு வைத்து எழுதியிருந்தால் கதை கெடாது.

ஜனவரி 23, வெள்ளி

பால்டர்ஸ் கேட் 3, புதிதாக முதலிலிருந்து.

இயற்கையை வழிபடும் டிரூயிட்களின் தோப்பு. சிலையைத் திருடியதாகப் பிடிபட்ட சிறுமி அரபெல்லா. டிரூயிட்களின் தலைவி காகா அவள் முன்னால் ஒரு பாம்பை நிறுத்தி வைத்திருக்கிறாள். விடச் சொல்லிப் பேச வேண்டும். இதை நான் மூன்று தடவை ஆடியிருக்கிறேன், மூன்று தடவையும் அவளைக் காப்பாற்றியிருக்கிறேன். இருபது முகப் பகடை சுழன்று 4-இல் நின்றது. கையில் ஒரு இன்ஸ்பிரேஷன் இருந்தது. கேமே தரும் மறுவாய்ப்பு என்பதால் அது என் விதிக்குள் வரும். மறுபடி உருட்டினேன். 6.

குழந்தை ஓடப் பார்த்தாள். பாம்பு கொத்தியது.

வெளியே அவள் பெற்றோர் காத்திருந்தார்கள். எனக்கு முன்னால் பதில் வரிகள் நின்றன. நான் எதையும் தேர்ந்தெடுக்காமல் வெகுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எஃப்8 விசையின் மேல் விரல் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். அப்புறம் விரலை எடுத்துவிட்டு இருப்பதில் நேரான வரியைத் தேர்ந்தெடுத்தேன்.

இது டிஸ்கோ எலிசியம் மாதிரி சிரிக்க வைக்கும் தோல்வி இல்லை. பாதிப் பதில் என்று எழுதியது சரிதான், மறுபாதி இது. இந்தக் காட்சியும் நன்றாக எழுதப்பட்டதுதான், ஆனால் எனக்கு அது வேண்டவில்லை. தம்பி கேட்டபோது இதைத்தான் சொல்ல நினைத்தானோ என்னவோ.

ஜனவரி 25, ஞாயிறு

நடுவில் ஒரு மாறுதலுக்கு இன்டு தி பிரீச் என்ற சின்ன ஸ்ட்ரேட்டஜி கேம். எட்டுக்கு எட்டுக் கட்டம். எதிரி அடுத்து எங்கே அடிக்கப்போகிறான் என்பதை முன்கூட்டியே காட்டிவிடும், நம் அடிக்குச் சதவீதமே கிடையாது. தோற்றால் முழுக்க என் தப்பு. தோற்றேன். ஒரே ஒரு பைலட்டை மட்டும் அடுத்த காலக்கோட்டுக்கு, அதாவது புதிதாகத் தொடங்கும் ஆட்டத்துக்கு, அனுப்பலாம். யாரை அனுப்புவது என்று யோசித்த அந்த இரண்டு நிமிடம், ஆடிய ஒரு மணி நேரத்தைவிட அழுத்தமாக இருந்தது.

ஜனவரி 31, சனி

இந்த வாரம் முழுக்க பால்டர்ஸ் கேட்தான். கதையின் இரண்டாம் பகுதிக்கு, நிழல் சாபம் பிடித்த நிலத்துக்கு வந்துவிட்டேன். கையில் வெளிச்சம் இல்லாமல் நடந்தால் இருட்டே உயிரைக் குடிக்கும் இடம்.

முன்பு ஆடியபோது அரபெல்லா இங்கே தனியாக வருவாள். அம்மா அப்பாவைத் தொலைத்துவிட்டு, கையிலிருந்து கொடிகளை வரவழைத்து நிழல்களோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பாள். எனக்குப் பிடித்த காட்சி. தம்பி பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"இங்கதானக்கா அந்தப் பொண்ணு வருவா?"

"ஆமாடா."

காய்ந்த மரங்களும் மூடுபனியும் மட்டும் இருந்தன. கேம் எதுவும் சொல்லவில்லை. இங்கே ஒருத்தி இருந்திருப்பாள் என்று தெரியாத ஒருவர் நிற்காமல் நடந்து போயிருப்பார்.

"லோட் பண்ணேன். பழைய சேவ் இருக்குமே."

"நாலாம் தேதியே அழிச்சிட்டேன்."

அவன் ஒன்றும் சொல்லவில்லை. நான் தீப்பந்தத்தோடு கொஞ்ச நேரம் அந்த இடத்திலேயே நின்றுவிட்டு, நால்வரையும் விடுதி இருக்கும் பக்கம் நடத்தினேன்.