4294967297: ஒரே வகுத்தலில் உடையும் பத்து இலக்க எண்

2³² + 1 = 4294967297. 2-இன் அடுக்கு 1, 2, 4, 8, 16 என இரட்டிப்பாகிச் செல்ல, அத்துடன் 1 கூட்டிக் கிடைப்பவை ஃபெர்மா எண்கள். அந்த வரிசையில் 3, 5, 17, 257, 65537 ஆகியவற்றுக்கு அடுத்து வருவது இது. முந்தைய ஐந்தும் பகா எண்கள். வரிசை முழுக்க அப்படித்தான் இருக்கும் என்று கணிதவியலாளர் ஃபெர்மா நம்பினார். 1732-இல் ஆய்லர் இதை 641 × 6700417 என்று பிரித்தார்.

கண்ணை மூடிக்கொண்டு வகுக்கப் போனால் வர்க்கமூலம் வரை, அதாவது 65536 வரை பார்க்க வேண்டும். அதற்குள் 6542 பகா எண்கள் உண்டு. அவ்வளவு தேவையில்லை. இந்த எண்ணை வகுக்கும் எந்தப் பகா எண்ணை எடுத்தாலும், அதனால் வகுக்கும்போது 2³²-இன் மீதி −1 (அதாவது மீதியின்றி வகுபட 1 குறைகிறது), அதை வர்க்கமாக்கினால் 2⁶⁴-இன் மீதி 1. அதாவது 2-இன் அடுக்குகளின் மீதிகள் 64 படிக்கு ஒருமுறை சுழலும். ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி (p ஒற்றைப்படைப் பகா எண் எனில், 2-இன் p−1 ஆம் அடுக்கை p-ஆல் வகுத்தால் மீதி 1), அந்தப் பகா எண்ணில் 1 கழித்தால் 64-இன் மடங்கு வந்தாக வேண்டும். பின்னாளில் லூகாஸ் இதை 128-இன் மடங்கு என்று இறுக்கினார். இனி பட்டியல் 129, 257, 385, 513, 641 என்றுதான் போகும். 129, 513 இரண்டும் 3-ஆல் வகுபடும், 385 5-ஆல். 257 பகா எண்தான், ஆனால் அதுவே ஒரு ஃபெர்மா எண். இரு ஃபெர்மா எண்களுக்குப் பொதுக் காரணி கிடையாது. ஆக, முதலில் வகுத்துப் பார்க்க வேண்டியதே 641. மீதி பூஜ்யம்!

6700417 பகா எண்ணா? அதன் வர்க்கமூலம் 2588-ஐச் சற்றே தாண்டும். அதே நிபந்தனைப்படி 641, 769, 1153, 1409 மட்டுமே மிஞ்சும். மீதிகள் முறையே 44, 120, 334, 622. பகா எண்தான்.

வகைப்படுத்தல் இனி எளிது. இரண்டு வெவ்வேறு பகா எண்களின் பெருக்கல் என்பதால் வகுத்திகள் நான்கே. தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூடுதல் 6701059. இது எண்ணைவிடச் சிறியது, எனவே குறை எண். இரண்டு விதமாக இரு வர்க்கங்களின் கூடுதலாகவும் எழுதலாம்: 65536² + 1², 62264² + 20449². பகா எண்ணுக்கு இப்படி இரண்டு வழி இருக்கவே முடியாது. இதுவே தனி நிரூபணம். எனக்கு மிகப் பிடித்ததும் இதுதான்.

கணினியில் சோதிப்பவர்கள் 2-ஐ அடியாகக் கொண்ட ஃபெர்மா சோதனையை நம்பக் கூடாது. எண் n எனில், 2-இன் n−1 ஆம் அடுக்கை n-ஆல் வகுத்து மீதி 1 வருகிறதா என்று பார்ப்பதே அந்தச் சோதனை. இங்கே 2⁶⁴-இன் மீதி 1, n−1 ஆன 2³² என்பதோ 64-இன் மடங்கு. ஆகவே சோதனை 'பகா எண்' என்றே சொல்லும். அதைவிடக் கடுமையான மில்லர்–ராபின் சோதனையும் அடி 2 என்றால் இதே பிழையைச் செய்யும். அடியை 3 ஆக்குங்கள்: 3-ஐ 31 முறை தொடர்ந்து வர்க்கமாக்கி, ஒவ்வொரு முறையும் மீதியை மட்டும் வைத்துக்கொண்டால் கடைசியில் 10324303 வரும். பகா எண்ணாக இருந்தால் −1 வந்திருக்க வேண்டும். இதுதான் பெப்பின் சோதனை.

வேறு விடை வந்தால் முதலில் மாறியின் (நிரலில் எண்ணைச் சேமிக்கும் இடத்தின்) அளவைப் பாருங்கள். குறியில்லாத 32 பிட் மாறியில் இந்த எண் வெறும் 1 ஆகிவிடும். 64 பிட்டும் மயிரிழையில் போதாது: மீதி 2³² வரை போகலாம், அதன் வர்க்கம் 2⁶⁴, கொள்ளளவோ 2⁶⁴ − 1. ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண் வகையில் 2⁵³-ஐத் தாண்டினால் கடைசி இலக்கங்கள் நழுவும்; அங்கே பெரிய முழு எண்களுக்கான பிக்இன்ட் வகையைப் பயன்படுத்துங்கள். பைத்தானில் இந்தக் கவலை இல்லை.