கவுண்டருக்குப் பின்னால்: புரட்டாசி மாதக் குறிப்புகள்

17 செப்டம்பர் 2024, செவ்வாய்

புரட்டாசி பிறந்துவிட்டது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இருக்கும் எங்கள் சாட்ஸ்வொர்த்தில் பல வீடுகளில் இனி ஒரு மாதத்துக்குக் கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது. மருந்துக்கடையில் அது உடனே தெரியும். "மாமிசம் விட்டாச்சு, சத்துக்கு ஏதாவது குடும்மா" என்று கேட்டு வருவார்கள். இரும்புச்சத்து, மல்டிவிட்டமின், பி12 எல்லாம் மளமளவென்று போகும்.

கேட்டு வாங்குகிறவர்களைப் பற்றிக் கவலையில்லை. மற்றவர்கள்தான் கவலை. தைராய்டுக்கு எல்ட்ராக்ஸின் (தைராக்ஸின் ஹார்மோன் மாத்திரை) வாங்க என்னிடம் வருவார்கள். விட்டமினை மட்டும் அலமாரியிலிருந்து தாங்களே எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டு பணம் கட்ட நேராக டில்லுக்குப் போய்விடுவார்கள். "வேற மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால், "இல்லையே" என்பார்கள். விட்டமினை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை.

20 செப்டம்பர், வெள்ளி

சாட்ஸ்வொர்த்தின் சந்தையான பங்களாதேஷ் மார்க்கெட் நாள். காய்கறிப் பையோடு கடைக்கு வந்த ஒரு ஆன்ட்டிக்கு இருபது வருஷமாகத் தைராய்டு. காலை ஆறு மணிக்கு எல்ட்ராக்ஸின், கால்சியம், இரும்பு மூன்றையும் ஒரே வாயில் போட்டு, பால் ஊற்றிய டீயால் விழுங்குகிறார். "ஒரே வேலையா முடிஞ்சிடும்ல?"

வேலை முடியாது, ஆன்ட்டி. இரும்பும் கால்சியமும் குடலிலேயே தைராக்ஸினைப் பிடித்துக்கொள்கின்றன. பிடிபட்டது ரத்தத்தில் சேராமல் வெளியே போய்விடும். வெறும் வயிற்றில் தண்ணீரோடு சாப்பிட்டாலே இந்த மருந்தில் சுமார் 60 முதல் 80 சதவீதம்தான் உடம்பில் ஏறும். 2000-ஆம் ஆண்டு 'ஜாமா' என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்த சிறிய ஆய்வு ஒன்று நினைவிருக்கிறது. 20 பேருக்கு மூன்று மாதம் தைராய்டு மாத்திரையோடு தினம் 1,200 மில்லிகிராம் கால்சியமும் சேர்த்துக் கொடுத்தார்கள். சராசரி டி.எஸ்.எச். (உடம்பில் தைராக்ஸின் குறைந்தால் ஏறும், கூடினால் இறங்கும் ஹார்மோன்) 1.6-லிருந்து 2.7-க்கு ஏறியது. கால்சியத்தை நிறுத்தியதும் இறங்கிவிட்டது.

2.7 ஒன்றும் ஆபத்தான எண் இல்லை. ஆனால் டாக்டருக்குக் கால்சியம் விஷயம் தெரியாவிட்டால், மருந்து போதவில்லை என்று அளவைக் கூட்டுவார். அப்புறம் ஒருநாள் கால்சியத்தை நிறுத்தினால் மருந்து அதிகமாகிவிடும், நெஞ்சு படபடக்கும்.

எல்ட்ராக்ஸின் காலையில் தண்ணீரோடு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்து டீ. கால்சியம், இரும்பு, தாது கலந்த மல்டிவிட்டமின் எல்லாம் நான்கு மணி நேரம் தள்ளி. நெஞ்செரிச்சலுக்குச் சப்புகிற மாத்திரைக்கும் இதே இடைவெளிதான். அதிலும் கால்சியமோ அலுமினியமோ இருக்கும். பையின் மேலேயே எழுதிக் கொடுத்தேன்.

24 செப்டம்பர், செவ்வாய்

ஹெரிடேஜ் டே என்ற தேசிய விடுமுறை, கடையும் மூடல். ஊரெல்லாம் பிராய் புகை, அதாவது கறியை நெருப்பில் சுடுகிற புகை. எங்கள் தெருவில் மட்டும் சோயா சாசேஜ் வெந்துகொண்டிருந்தது. சோயாவும் தைராக்ஸின் ஏறுவதைக் குறைக்கக்கூடும். அதற்காகச் சாப்பிடாதே என்று சொல்ல மாட்டேன், மாத்திரையை ஒட்டிச் சாப்பிட வேண்டாம் என்பேன், அவ்வளவுதான்.

27 செப்டம்பர், வெள்ளி

இந்த மாதத்தின் சுவாரசியமான சீட்டு இன்று வந்தது. ஐம்பது வயதுக்காரர், எல்ட்ராக்ஸின் அளவைக் குறைத்து எழுதிய புதுச் சீட்டு. ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். ஏறக்குறைய இல்லவே இல்லை, டி4 (ரத்தத்தில் இருக்கும் தைராக்ஸின்) எக்கச்சக்கம். பார்த்தால் மருந்து அதிகமாகிவிட்டது போலத்தான் இருக்கிறது. ஆனால் அவருக்கு நடுக்கம் இல்லை, படபடப்பு இல்லை, எடையும் குறையவில்லை. நன்றாகத் தூங்குகிறாராம்.

"முடிக்கு ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்றேன். அக்கா மகள் வாங்கிக் கொடுத்த மாத்திரையைக் கைப்பையிலிருந்து எடுத்தார். பயோட்டின் என்ற பி விட்டமின், 5,000 மைக்ரோகிராம். ஒரு நாளைக்குத் தேவைப்படுவது 30தான்.

பயோட்டின் எல்ட்ராக்ஸினை ஒன்றும் செய்யாது. அது குழப்புவது லேப் கருவியை. பயோட்டினும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதமும் ஒட்டினால் லேசில் பிரியாது. அந்தப் பிடிப்பை நம்பித்தான் பல ஹார்மோன் சோதனைகள் இயங்குகின்றன. ரத்தத்தில் பயோட்டின் நிறைந்திருந்தால், சோதனைக்கு வேண்டிய இடத்தை அது அடைத்துக்கொள்கிறது. டி.எஸ்.எச். சோதனை பொய்யாகக் குறைத்துக் காட்டும். டி4 சோதனை நேர்மாறான முறையில் வேலை செய்வதால் அங்கே பொய்யாகக் கூட்டிக் காட்டும். இரண்டும் சேர்ந்தால் அசல் தைராய்டு மிகைப்பு மாதிரியே இருக்கும். எல்லாக் கருவியும் இப்படியில்லை, அதுதான் இன்னும் குழப்பம். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கண்காணிப்பு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017-இலேயே இதைப் பற்றி எச்சரித்தது.

டாக்டருக்குப் போன் போட்டேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பழைய அளவையே கொடுங்கள், பயோட்டின் மாத்திரையை நிறுத்திவிட்டு மறுபடி ரத்தம் எடுப்போம்" என்றார். குறைந்தது இரண்டு நாள் நிறுத்த வேண்டும் என்பது அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் பரிந்துரை. இவ்வளவு பெரிய அளவுக்கு ஒரு வாரம் விடலாம் என்று நாங்கள் இருவரும் முடிவு செய்தோம்.

3 அக்டோபர், வியாழன்

கெல்ப் என்ற கடற்பாசி மாத்திரை கேட்டு ஒரு பையன் வந்தான், தைராய்டு இருக்கிற அம்மாவுக்காம். கடற்பாசியில் அயோடின் கன்னாபின்னாவென்று இருக்கும், புட்டிக்குப் புட்டி அளவும் மாறும். தென்னாப்பிரிக்காவில் 1995-லிருந்து சாப்பாட்டு உப்பில் அயோடின் கட்டாயம். தைராய்டு பழுதான அம்மாவுக்கு அதற்கு மேல் அயோடின் ஏறினால் நிலைமை மோசமாகவும் கூடும். விற்கவில்லை. முறைத்துக்கொண்டே போனான், போகட்டும்.

9 அக்டோபர், புதன்

முடி மாத்திரைக்காரரின் புது ரிப்போர்ட் வந்துவிட்டது. டி.எஸ்.எச். 2.1, டி4 சரியான அளவில். எல்ட்ராக்ஸின் அளவு மாறவில்லை. "அப்ப முடிக்கு என்ன பண்றது?" என்றார். ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ரத்தச் சோதனை) பார்க்கச் சொன்னேன். முடி உதிர இரும்புக் குறைவும் காரணமாக இருக்கலாம்.

12 அக்டோபர், சனி

கடைசிப் புரட்டாசி சனி. பெருமாள் படையல் முடித்துவிட்டு மார்க்கெட் ஆன்ட்டி வந்தார். காலையில் டீக்காக ஒரு மணி நேரம் காத்திருக்க அவரால் முடியவில்லையாம். ராத்திரிப் படுக்கும்போது எல்ட்ராக்ஸின் போடலாமா என்று கேட்டார். போடலாம், கடைசியாகச் சாப்பிட்டு மூன்று மணி நேரம் ஆகியிருந்தால் போதும். டாக்டரும் சரியென்றார். கால்சியமும் இரும்பும் மதியத்துக்கு மாறின. ஏழு மணிக்கே சாப்பிட்டுவிடுகிற வீடு, அதனால் பத்து மணி மாத்திரை பொருந்தும். நவம்பர் கடைசியில் டி.எஸ்.எச். பார்க்க வேண்டும், அதுவரை இந்த நேரத்தை மாற்றக் கூடாது என்று சொல்லியனுப்பினேன்.