அழைப்பிதழில் அந்த ஒரு வரி

நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்து கொடுக்கும் வேலையில் எனக்குப் பதினோரு வருடம் ஆகிறது. விருது விழா, ஆண்டு விழா, பணி ஓய்வு விருந்து, கருத்தரங்கு என்று எதுவாக இருந்தாலும் முந்தின நாள் மாலையில் என் போனுக்கு வரும் அழைப்புகளில் ஒரு கேள்வி தவறாமல் இருக்கும். "மேடம், நாளைக்கு என்ன போட்டுட்டு வரணும்?" வண்டி எங்கே நிறுத்துவது, எத்தனை மணிக்கு முடியும் என்பதெல்லாம் அப்புறம்தான். நான் ஏதாவது சொன்னதும் அடுத்ததாக, கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "மத்தவங்கல்லாம் எப்படி வர்றாங்க?" என்பார்கள். உண்மையில் கேட்க வந்தது இதைத்தான் என்று புரிய எனக்குச் சில வருடங்கள் ஆயின. அழகாகத் தெரிய வேண்டும் என்ற ஆசையைவிட, கூட்டத்தில் தான் மட்டும் தனியாகத் தெரிந்துவிடக் கூடாதே என்ற பயம்தான் பெரிதாக இருக்கிறது.

அந்தப் பயத்தை உண்டாக்குவது பல நேரம் விருந்தினரை அழைப்பவர்களாகிய நாங்கள்தான். இதை நான் கற்றுக்கொண்டது ஒரு விழாவில்.

நீண்ட காலம் பணியாற்றியவர்களுக்கு விருது கொடுக்கும் விழா அது. அழைப்பிதழின் அடியில் உடை பற்றி 'ஃபார்மல்' என்று ஒரே ஒரு சொல். அதைச் சேர்த்தது நான். விருது வாங்குபவர்களில் ஒருவர் முப்பது வருடத்துக்கு மேல் இயந்திரப் பிரிவில் வேலை பார்த்தவர். அவருடைய வேலை வாழ்க்கையில் ஃபார்மல் என்றால் துவைத்து இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை, கறுப்பு பேன்ட், பாலிஷ் போட்ட ஷூ. அப்படித்தான் வந்தார், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் நிர்வாகப் பக்கம் இருந்தவர்கள் அதே சொல்லை வேறு மாதிரி படித்திருந்தார்கள். அரங்கத்துக்குள் முழுக்க அடர் நிறக் கோட்டும் டையும். அவர் கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே பார்த்துவிட்டு, ஓரமாக ஒரு தூணருகே போய் நின்றுகொண்டார். கையில் போன் இருந்தது, ஆனால் அதைப் பார்க்கவில்லை. ரிஜிஸ்ட்ரேஷன் மேஜையில் இருந்த நான் யாருக்கோ காத்திருக்கிறார் என்றே நினைத்தேன். கூட்டம் குறைந்த பிறகுதான் எழுந்து போய், "யாருக்காவது வெயிட் பண்றீங்களா சார்?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. நான் இப்படியே உள்ள போகலாமா?"

அன்றைக்கு விருது வாங்க வந்த மனிதர் அவர். அவருக்கான நாற்காலி முதல் வரிசையில், பெயர் எழுதி ஒட்டப்பட்டு, காலியாகக் காத்திருந்தது. நான் கூடவே நடந்து போய் உட்கார வைத்தேன். மேடையில் அவர் இரண்டு நிமிடம் நன்றாகவே பேசினார், ஆனால் பேசும்போதெல்லாம் வலது கையால் இடது பக்க அரைக்கையின் ஓரத்தைக் கீழே இழுத்துக்கொண்டே இருந்தார், இழுத்தால் முழங்கையை மூடிவிடலாம் என்பது போல. பக்கவாட்டில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு இன்னும் மறக்கவில்லை. அந்த இரண்டு நிமிடம் முழுக்க அவருக்குச் சொந்தமாக இருந்திருக்க வேண்டியது. நான் சோம்பேறித்தனமாகப் போட்ட ஒரு சொல் அதில் பாதியை எடுத்துக்கொண்டது.

கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச்சும் அவருடன் வேலை செய்தவர்களும் நடத்தி 2000-ல் வெளியிட்ட ஒரு ஆய்வைப் பிறகு படித்தேன். மாணவர்களுக்கு, அவர்கள் போட வெட்கப்படும் ஒரு பாடகரின் படம் போட்ட டீ ஷர்ட்டை மாட்டிவிட்டு, மற்றவர்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்று கேட்டபோது, கிட்டத்தட்ட பாதிப் பேர் என்றார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான். நம்மை எல்லோரும் பார்க்கிறார்கள் என்று நாம் நினைப்பதில் பாதி நம் கற்பனை. பதற்றமாகப் போன் செய்பவர்களுக்கு இதை நான் சொல்வதுண்டு, சிலருக்கு நிஜமாகவே ஆறுதலாக இருக்கிறது. ஆனால் தூணருகே நின்ற அந்தப் பெரியவருக்கு இது உதவியிருக்குமா என்றால், இல்லை. அந்தக் கால்வாசிப் பேர் முன்னால்தான் அவர் மறுநாள் வேலைக்குப் போக வேண்டும்.

அதற்குப் பிறகு எங்கள் அழைப்பிதழ்களில் உடைப் பெயர் மட்டும் தனியாக வருவதை நான் விடுவதில்லை. 'பிளாக் டை' என்றால் ஒரு வரையறையாவது உண்டு. மாலை ஆறு மணிக்கு மேல், கறுப்பு டின்னர் ஜாக்கெட், கறுப்பு போ டை (பட்டாம்பூச்சி மாதிரி முடிச்சுப் போட்ட டை), பெண்களுக்குப் பெரும்பாலும் நீளமான மாலைநேர உடை. 'ஒயிட் டை' அதற்கும் மேல், வால் வைத்த கோட்டும் வெள்ளை போ டையும். ஸ்டாக்ஹோமில் டிசம்பர் 10 அன்று நடக்கும் நோபல் விழாவில் ஆண்களுக்கு இன்றும் அதுதான். அங்கேகூட அவரவர் நாட்டு மரபுடைக்கு இடம் உண்டு, 2019-ல் அபிஜித் பானர்ஜி வேட்டியிலும் எஸ்தர் டுஃப்லோ புடவையிலும் போய்ப் பரிசு வாங்கினார்கள். பிரச்சினை 'ஸ்மார்ட் கேஷுவல்' மாதிரியான பெயர்களில். அதைப் பத்துப் பேரிடம் கேட்டால் பத்துப் பதில் வரும். ஜீன்ஸ் போடலாமா என்ற ஒரு கேள்விக்கே ஒருமித்த விடை கிடையாது.

விறைப்பான விதி என்று நாம் நினைக்கிற டின்னர் ஜாக்கெட்டே ஒரு காலத்தில் இலகுவாக இருக்கத்தான் வந்தது. லண்டனில் சேவில் ரோ என்ற தெருவில் உள்ள ஹென்றி பூல் தையல் நிறுவனம், பின்னாளில் ஏழாம் எட்வர்டு மன்னரான இளவரசருக்கு 1865-ல் வால் இல்லாத குட்டைக் கோட்டு ஒன்றைத் தைத்துக் கொடுத்ததாகத் தன் வரலாற்றில் சொல்கிறது. வீட்டு விருந்துகளில் வால் கோட்டின் தொந்தரவு இல்லாமல் உட்காரத்தான் அது. நியூயார்க் அருகே டக்சீடோ பார்க் என்ற இடத்தின் பெயரால் அமெரிக்காவில் அது டக்சீடோ ஆயிற்று. வசதிக்காகப் பிறந்த ஒன்று காலப்போக்கில் கட்டளையாகிவிட்டது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு, என்ன உடை என்று சொல்லும்போது ஏன் என்பதையும் சேர்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வந்தது.

இப்போது நாங்கள் எழுதுவது கிட்டத்தட்ட இப்படி இருக்கும்: "மாலை 6.30. முதல் ஒரு மணி நேரம் புல்தரையில் நின்றபடி, பிறகு ஏசி அரங்கத்தில். முழுக்கைச் சட்டையும் மூடிய ஷூவும் போதும், கோட்டு அவரவர் விருப்பம். கூர்மையான ஹீல்ஸ் புல்லில் இறங்கும். உள்ளே குளிராக இருக்கும்." நீளமாக இருக்கிறது என்று வடிவமைப்பாளர்கள் முகம் சுளிப்பார்கள். இருக்கட்டும். இந்த நாலு வரி வந்த பிறகு முந்தின நாள் அழைப்புகள் நன்றாகக் குறைந்துவிட்டன.

மேடை ஏறுகிறவர்களுக்கு மட்டும் நான் தனியாகப் போன் செய்துவிடுவேன், ஏனென்றால் அவர்கள் உடையில் ஒரு இயந்திரமும் தொங்கப்போகிறது. காலர் மைக்கைக் குத்த ஏதாவது ஒரு விளிம்பு வேண்டும், பட்டன் பட்டியோ கோட்டின் மடிப்போ. அதன் டிரான்ஸ்மிட்டர் பெட்டி உள்ளங்கை அளவு இருக்கும், அதைச் செருக பெல்ட்டோ இடுப்புப் பட்டையோ பாக்கெட்டோ வேண்டும். இடுப்பில் எதுவுமே இல்லாத ஒரே துண்டு கவுனில் வந்த ஒரு பேச்சாளருக்கு, பேசுவதற்கு எட்டு நிமிடம் இருக்கும்போது, திரைக்குப் பின்னால் நானும் இன்னொரு பெண்ணும் அந்தப் பெட்டியைக் கழுத்துப் பின்பக்கம் செருகி டேப் ஒட்டினோம். அவர் பேச வேண்டியதை மனதுக்குள் ஓட்டிப்பார்க்க வைத்திருந்த நேரம் அப்படியே போயிற்று. நீள மணிமாலை மைக்கில் இடிக்கும். மொடமொடவென்ற துணி உரசும் சத்தம் ஸ்பீக்கரில் மழை மாதிரி கேட்கும். நெருக்கமான மெல்லிய கோடு போட்ட சட்டை கேமராவில் அலை அலையாக நெளியும். வீட்டுக் கண்ணாடியில் கெட்டியாகத் தெரிகிற மெல்லிய கறுப்புத் துணி, ஃபிளாஷ் வெளிச்சத்தில் உள்ளே இருப்பதைக் காட்டிவிடும். அதனால் வீட்டிலேயே போட்டு, இருட்டில் ஃபிளாஷ் வைத்து ஒரு போட்டோ எடுத்துப் பார்த்துவிடச் சொல்வேன்.

மற்றவர்களுக்கும் சொல்வதற்கு ஒன்றிரண்டு உண்டு. உடையைக் கண்ணாடி முன்னால் நின்று மட்டும் பார்க்கிறோம், ஆனால் விழாவில் பாதி நேரம் உட்கார்ந்திருப்போம், மீதி நேரம் கை கொடுத்துக்கொண்டும் தட்டைப் பிடித்துக்கொண்டும் இருப்போம். அதைப் போட்டுக்கொண்டு ஒரு நாற்காலியில் பத்து நிமிடம் உட்காருங்கள், கையை மேலே தூக்குங்கள், குனிந்து எதையாவது எடுங்கள். எங்கே பிடிக்கிறது, எங்கே ஏறுகிறது என்று தெரிந்துவிடும். புது ஷூவை விழாவுக்கு என்று பெட்டியிலேயே வைத்திருக்காமல் நாலு நாள் முன்னாலிருந்து வீட்டுக்குள் போட்டு நடங்கள். புதுக் கோட்டு வாங்கினால் பின்பக்கப் பிளவில் பெருக்கல் குறி மாதிரி போட்டிருக்கும் நூல் தையலைப் பிரித்துவிடுங்கள், அது கடையில் மடிப்புக் கலையாமல் இருக்கப் போட்டது. கைப்பக்கத்து லேபிளும் அப்படித்தான். ஒரு இளைஞர் இரண்டும் அப்படியே இருக்க வந்தபோது தனியாகக் கூப்பிட்டு, மேஜையில் எப்போதும் வைத்திருக்கும் சின்னக் கத்தரியால் நானே வெட்டிவிட்டேன். அவர் முகம் மாறியது, ஆனால் படம் எடுப்பதற்கு முன்னால் தெரிந்தது நல்லதாயிற்று என்றார். அந்தக் கத்தரியோடு ஊசி நூல், பின், இரட்டைப் பக்க டேப், ஒரு கறுப்புச் சால்வை, நடுத்தர அளவில் ஒரு பிளேசர் எல்லாம் என் பெட்டியில் நிரந்தரமாக இருக்கின்றன. பிளேசரை இதுவரை யாருக்கும் நானாக நீட்டியதில்லை, கேட்டால் மட்டும்தான் எடுப்பேன். கேட்காதவருக்கு அதை நீட்டினால் நீங்கள் வந்தது சரியில்லை என்று சொன்னதாகிவிடும்.

அடுத்த வாரம் ஒரு விருந்து. அழைப்பிதழின் வரைவு நேற்று வந்தது, உடைக்கு நேராக 'எலிகன்ட் கிளாம்' என்று போட்டிருக்கிறார்கள். வருபவர்களில் ஓட்டுநர்களும் கிடங்கில் வேலை செய்பவர்களும் இருக்கிறார்கள் என்று பட்டியலில் பார்த்தேன். இந்த இரண்டு சொல்லைப் படித்துவிட்டு அவர்கள் அலமாரியைத் திறந்து எதை எடுப்பார்கள் என்று நினைக்கிறீர்கள், அதைச் சொன்னால் அதையே எழுதிவிடலாம் என்று பதில் அனுப்பியிருக்கிறேன். நாளை மதியம் அச்சுக்குப் போக வேண்டும், இன்னும் பதில் வரவில்லை. காலையில் எழுந்ததும் போன் பண்ணப் போகிறேன்.